அலும்னி ஒருத்தரா, பலரா?

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்புல இருந்து ஆரம்பிக்குது. கேட்க வேண்டியவன்கிட்ட நேர்ல கேட்டுட்டேன். ஆனா தப்பு பண்ணினது நூறு பேர் முன்னாடி. அதனால உங்க முன்னாடியும் சொல்லிடறேன்.

எங்க காலேஜ் பேட்ச்சுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. நூத்தி சொச்சம் பேர். பொங்கல் முடிஞ்சு தஞ்சாவூர்ல எல்லாரும் கூடலாம்னு பேச்சு வந்தப்ப, ஏற்பாடு முழுக்க ஒருத்தன் தலையில விழுந்தது. ஹால் பார்த்தது, சாப்பாட்டுக்குச் சொன்னது, வர்றவங்க கணக்கு எடுத்தது எல்லாம் அவன்தான். பேரு வேண்டாம். ஒரத்தநாடு பக்கத்துல ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இன்ஜினியரிங் முடிச்சு ரெண்டு வருஷம் சென்னையில வேலை பார்த்தான். இப்போ ஊர்லயே விவசாயம். கூடவே அறுவடை மெஷின் வாடகைக்கு விடுறான்.

ஒரு நாள் காலேஜ் வாசல்ல எடுத்த பழைய போட்டோ ஒண்ணைக் குரூப்ல போட்டு, கீழே 'ஐ ஆம் எ ப்ரௌட் அலும்னி' என்று எழுதியிருந்தான். நான் ரெண்டே நிமிஷத்துல பதில் போட்டேன்: 'அலும்னி இல்ல மாப்ள, அலும்னஸ். அலும்னி பன்மை.' கூடவே ஒரு சிரிக்கிற இமோஜி. அதுக்குப் பத்து பேர் சிரிச்சாங்க.

உடனே எங்க கிளாஸ்ல படிச்ச ஒரு பொண்ணு கேட்டா: 'அப்ப நான் யாருடா?' எனக்குத் தெரியல. அவசரமா கூகுள்ல தேடி 'அலும்னா'ன்னு போட்டேன். 'அப்படியா? காலேஜ்ல எனக்குக் கொடுத்த கார்டுல அலும்னஸ்னுதான் இருக்கு. என்னை ஆம்பளையாக்கிட்டாங்களா?' மறுபடியும் சிரிப்பு. இந்தக் கூத்துக்கு நடுவுல அவனோட போட்டோ இருந்த இடத்துல 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்ததை நான் அன்னைக்கு ராத்திரிதான் பார்த்தேன். அதுக்கப்புறம் குரூப்ல அவன்கிட்ட இருந்து வந்ததெல்லாம் 'ஓகே'யும் கட்டை விரலும்தான்.

இதுல இன்னொரு உண்மை இருக்கு. அலும்னஸ், அலும்னி வித்தியாசம் எனக்கே தெரிஞ்சு அப்போ ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஆபீஸ்ல என்னைப் பத்தி ஒரு சின்ன அறிமுகம் எழுதச் சொன்னாங்க. நானும் 'அலும்னி'ன்னுதான் எழுதினேன். சீனியர் ஒருத்தர் மீட்டிங்லயே அதைத் திருத்தினார். முகம் சுருங்கிப் போச்சு. அங்க வாங்கினதை இங்க கொண்டுவந்து என் நண்பன் மேல இறக்கியிருக்கேன். அவ்வளவுதான் என் புலமை.

தை மாசக் கடைசியில அவன் ஊருக்குப் போனேன். சம்பா அறுப்பு நேரம். அவன் போட்டிருந்தது சி.ஆர். 1009, டெல்டாவுல ரொம்ப நாளா ஓடுற நீண்டகால ரகம். அவங்க அம்மா 'வா தம்பி, வெயில்ல நிக்காத'ன்னு மோர் கொடுத்தாங்க. களத்துல உட்கார்ந்து மெதுவா விஷயத்தை எடுத்தேன்.

'மச்சான், நீ சொன்னது சரிதான். நான் தப்பாத்தான் எழுதியிருந்தேன்'னு அவன் சொன்னான். 'குரூப்ல இங்கிலீஷ்ல ஒரு வரி போடுறதுக்கு முன்னாடி நான் அஞ்சு தடவை படிச்சுப் பார்ப்பேன்டா. ஃபர்ஸ்ட் இயர்ல இருந்தே அப்படித்தான். அன்னைக்கும் படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன். அப்படியும் தப்புன்னா, இனிமே எதுக்குப் போடணும்னு தோணிடுச்சு.'

என்ன சொல்றதுன்னு தெரியாம பேச்சை மாத்தினேன். 'இந்தத் தடவை எத்தனை நெல்லு வந்துச்சு?'

அவன் சிரிச்சான். 'எத்தனையா? நெல்லுக்கு எவ்வளவுடா. மூட்டைக்குத்தான் எத்தனை. டவுன்காரன், பெங்களூரு போய் மொத்தமா மறந்துட்டான். இதைக் குரூப்ல போடட்டா?'

வாங்க வேண்டியதை வாங்கிக்கிட்டேன். ஆனா அவன் விளையாட்டாச் சொன்னதுலதான் இந்த எபிசோட் மொத்தமும் இருக்கு. 'எத்தனை', 'எவ்வளவு'. எண்ணுற பொருள், அளக்குற பொருள். நெல்லை யாரும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண மாட்டாங்க. அந்தக் காலத்துல மரக்கால்ல அளந்தாங்க, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இப்போ கொள்முதல் நிலையத்துல 40 கிலோ மூட்டை. ஒரே ஒரு நெல்லைச் சொல்லணும்னா 'நெல்மணி'ன்னு தனியா ஒரு சொல் வேணும்.

நம்ம தொழில்ல தினமும் வாயில வர்ற 'டேட்டா'வும் இப்படித்தான். லத்தீன்ல டேட்டம்னா 'கொடுக்கப்பட்டது', ஒருமை. டேட்டான்னா 'கொடுக்கப்பட்டவை', பன்மை. அதனால இங்கிலீஷ்ல 'டேட்டா இஸ்' தப்பு, 'டேட்டா ஆர்'தான் சரின்னு சிலர் இன்னும் சண்டை போடுவாங்க. ஆனா நாம டேட்டாவை எண்ணுறதில்ல, அளக்குறோம். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. டேட்டா தீர்ந்துடுச்சுன்னு சொல்றோம், தீர்ந்துடுச்சுகள்னு சொல்றதில்ல. பன்மையா இருந்த சொல் நெல்லு மாதிரி குவியலா மாறிடுச்சு. இன்னைக்கு இங்கிலீஷ் அகராதிகள் 'இஸ்', 'ஆர்' ரெண்டையும் ஏத்துக்குது. ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல 'ஆர்' அதிகம், மத்த இடங்கள்ல 'இஸ்' அதிகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, முதல்ல அந்தக் கணக்கைத் தெளிவாச் சொல்லிடறேன். தெரிஞ்சுக்கிறதுல ஒரு தப்பும் இல்ல.

படிச்சு முடிச்ச ஒரு ஆண், அலும்னஸ். ஒரு பெண், அலும்னா. பல ஆண்கள், இல்லைன்னா ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம், அலும்னி. பெண்கள் மட்டும்னா அலும்னே. ஓய்வு பெற்ற பேராசிரியருக்குக் கொடுக்கிற 'எமெரிட்டஸ்' பட்டமும் இதே வாய்பாடுதான். அது ஆண்பால், பெண்ணுக்கு எமெரிட்டா. ஆனா நிறைய இடத்துல பெண் பேராசிரியருக்கும் எமெரிட்டஸ்னுதான் எழுதுறாங்க. ஆணும் இல்லாம பெண்ணும் இல்லாம மூணாவதா ஒரு வரிசை இருக்கு. அதுல ஒருமை 'அம்'னு முடியும், பன்மை 'ஆ'ன்னு முடியும். டேட்டம், டேட்டா. பாக்டீரியம், பாக்டீரியா. மீடியம், மீடியா.

இதைக் கேட்டதும் உங்களுக்குப் பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணம் ஞாபகம் வரணும். ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். அன், அள், அர், து, அ. லத்தீன்காரர் வால் வச்சுப் பால் காட்டின மாதிரியேதான் நாமும் காட்டுறோம். 'வந்தான், வந்தாள்'னு வினைச்சொல்லையே மாத்துற நமக்கு அலும்னஸ், அலும்னா ஒரு பெரிய விஷயமே இல்ல. உண்மையில கஷ்டம் இங்கிலீஷ்காரங்களுக்குத்தான். அவங்க மொழியில அந்த வாலெல்லாம் எப்பவோ உதிர்ந்துடுச்சு.

இது பாட்காஸ்ட், அதனால காதுக்கு ஒரு வேடிக்கை சொல்றேன். பழைய லத்தீன் உச்சரிப்புல ஆண்களோட பன்மை 'அலும்னீ'. பெண்களோட பன்மை 'அலும்னை'. இங்கிலீஷ் மரபு உச்சரிப்புல ஆண்களோடது 'அலம்னை', பெண்களோடது 'அலம்னீ'. அப்படியே தலைகீழ். ஒருத்தர் மேடையில 'னீ'ன்னு முடிச்சா, அவர் சொன்னது ஆண்களையா பெண்களையான்னு தெரிஞ்சுக்க, அவர் எந்த வாத்தியார்கிட்ட படிச்சார்னு கேட்கணும்.

இப்போ முக்கியமான கேள்விக்கு வருவோம். ஒரே ஒரு ஆளைப் பன்மைச் சொல்லால சொல்றது அவ்வளவு பெரிய பாவமா?

'அவர்' என்ற சொல்லை எடுத்துக்குங்க. பழந்தமிழ்ல அது பலர்பால். அவன், அவள், ரெண்டு பேரையும் சேர்த்து அவர். இன்னைக்கு 'அவர் வந்தார்'னா எத்தனை பேர்? ஒருத்தர். மரியாதைக்காகப் பன்மையை எடுத்து ஒருமைக்குப் போட்டோம். போட்டப்புறம், உண்மையான பன்மைக்குச் சொல் இல்லாமப் போச்சு. அதனால 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்று ஆக்கினோம். பன்மை மேல இன்னொரு பன்மை. 'மாணவர்கள்', 'ஆசிரியர்கள்' எல்லாமே அப்படித்தான். தொல்காப்பியம் இந்தக் 'கள்'ளை அஃறிணைக்குத்தான் சொல்லுது. ஆனா குறள்லயே மனுஷங்களைக் குறிக்கிற சொல்லோட 'கள்' சேர்ந்து வருது. இப்போ யாராவது 'டேட்டாஸ்'னு சொன்னா நாம சிரிக்கிறோம். 'மாணவர்கள்'னு சொல்லும்போது நாமும் அதையேதான் பண்றோம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது தொல்காப்பியர் இதை எப்படிக் கையாண்டார் என்பதுதான். ஒருத்தரைப் பன்மையில சொல்றது வழக்கத்துல இருக்கு, அது உயர்த்திச் சொல்ற சொல், ஆனா இலக்கண முறைப்படி அப்படிக் கிடையாதுன்னு சொல்லதிகாரத்துல எழுதியிருக்கார். மக்கள் எப்படிப் பேசுறாங்க, ஏன் அப்படிப் பேசுறாங்க, விதி என்ன, மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டுப் போயிட்டார். யாரையும் பார்த்துச் சிரிக்கல.

இன்னொண்ணு. 'அர்' வந்ததால நமக்கு ஒரு லாபமும் கிடைச்சது. மாணவர், தலைவர், பேராசிரியர். ஆணா பெண்ணான்னு கேட்க வேண்டாம். எங்க கிளாஸ் பொண்ணு கேட்டாளே 'அப்ப நான் யாருடா'ன்னு, அந்தக் கேள்விக்கு 'முன்னாள் மாணவர்' பதில் சொல்லிடுது. இங்கிலீஷ்லயும் இப்போ பலர் வாலை வெட்டி 'அலம்'னு சுருக்கிக்கிறாங்க. ஒரு சின்னச் சங்கடம், அந்த எழுத்துக்கூட்டலுக்கு இங்கிலீஷ்ல படிகாரம்னும் அர்த்தம் உண்டு. அதனால 'நான் இந்தக் காலேஜ் படிகாரம்'னும் படிக்கலாம். சலூன்ல ஷேவிங் முடிஞ்சதும் தேய்ப்பாங்களே, அதே படிகாரம்.

லத்தீன் நமக்கு ரொம்ப தூரத்து மொழின்னு நினைக்காதீங்க. இதே டெல்டாவோட கடற்கரையில, தரங்கம்பாடியில, 1706-ல ஜெர்மனியில இருந்து சீகன்பால்க் என்ற ஒரு பாதிரியார் வந்து இறங்கினார். அப்போ அது டேனிஷ்காரங்க ஊர். அவர் தமிழ் படிச்ச விதம் தெரியுமா? ஒரு வாத்தியாரையும் அவர்கிட்ட படிச்ச பிள்ளைங்களையும் தன் இடத்துக்கே வரவழைச்சு, அந்தப் பிள்ளைங்களோட சேர்ந்து தரையில உட்கார்ந்து மணல்ல விரலால 'அ, ஆ' எழுதினார். பத்து வருஷம் கழிச்சு, 1716-ல, ஜெர்மனியில ஹாலே நகரத்துல அவரோட தமிழ் இலக்கணம் அச்சாச்சு. பேரு 'கிராமாட்டிகா டமூலிக்கா'. தமிழைப் பத்தின புத்தகம், எழுதினது லத்தீன்ல. அந்தப் பேரைக் கவனிச்சீங்களா? 'கிராமாட்டிகா' பெண்பால், அதனால 'டமூலிக்கா'வும் பெண்பால். லத்தீன்ல நம்ம தமிழ் இலக்கணம் ஒரு பொண்ணு.

வளர்ந்த மனுஷன் ஒருத்தர் சின்னப் பசங்க நடுவுல உட்கார்ந்து புது மொழி எழுதிப் பழகுறார். எத்தனை தடவை ஒருமை பன்மை மாறியிருக்கும்? அந்தப் பசங்க சிரிச்சும் இருப்பாங்க. அவர் எழுதினதை அழிச்சுட்டு எழுந்து போயிருந்தா அந்தப் புத்தகம் வந்திருக்காது. இதைப் படிக்கும்போது எனக்கு 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற அந்த வரிதான் கண்ணுல நின்னது.

அதே தரங்கம்பாடிக்கு 1768-ல கோனிக் என்ற மருத்துவர் வந்தார். அவர் லின்னேயஸோட மாணவர். செடி கொடிக்கெல்லாம் ரெண்டு சொல்லுல லத்தீன் பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த அதே லின்னேயஸ். அந்த முறையில நம்ம நெல்லுக்குப் பேரு 'ஒரைசா சட்டைவா'. ரெண்டாவது சொல்லுக்குப் 'பயிரிடப்பட்ட'ன்னு அர்த்தம். அதே சொல் பூண்டுக்கு வரும்போது 'சட்டைவம்', குங்குமப்பூவுக்கு வரும்போது 'சட்டைவஸ்'. நெல்லு பெண்பால், பூண்டு ரெண்டும் இல்லாத பால், குங்குமப்பூ ஆண்பால். புளிய மரம் இன்னும் மோசம். 'டாமரிண்டஸ்'னு ஆண் மாதிரி முடியுது, ஆனா பக்கத்துல நிக்கிற சொல் 'இண்டிகா', பெண்பால். ஏன்னா லத்தீன்ல மரங்கள் பொதுவா பெண்பால். 'அஸ்'னு முடிஞ்சா ஆண்னு நான் மனப்பாடம் பண்ணி வச்சிருந்த விதி ஒரு புளிய மரத்துல மோதி உடைஞ்சது.

இங்கிலீஷும் லத்தீனை ஒழுங்காக் கடன் வாங்கினதுன்னு நினைச்சா ஏமாந்து போவீங்க. அஜெண்டா லத்தீன்ல பன்மை, 'செய்ய வேண்டியவை'. இன்னைக்கு அது ஒருமை. சிலபஸ் இன்னும் வேடிக்கை. சிசரோ எழுதின கடிதங்களை அச்சடிச்சப்ப, ஓலைச்சுருளுக்குக் கட்டுற சீட்டைக் குறிக்கிற வேற ஒரு கிரேக்கச் சொல்லைத் தப்பாப் படிச்சதுல பிறந்த சொல் அது. நாம அரியர் அரியரா எழுதினோமே, அந்தச் சிலபஸே ஒரு அச்சுப்பிழை. அதுக்குச் சரியான பன்மை 'சிலபை'தான்னு யாராவது உங்ககிட்ட அடம்பிடிச்சா, இதைச் சொல்லுங்க.

ராஜா வேஷம் கலைஞ்ச கதை பஸ்ஸுக்குத்தான். முழுச் சொல் 'ஆம்னிபஸ்'. 'எல்லாருக்கும்'னு அர்த்தம். 1820-களில் பிரான்ஸ்ல எல்லாரும் ஏறிக்கிற குதிரை வண்டிக்கு அந்தப் பேர் வந்தது. 1829-ல லண்டன்ல ஓடினது. அப்புறம் தலையை வெட்டி வாலை மட்டும் வச்சுக்கிட்டாங்க. அந்த வால் ஒரு வேற்றுமை உருபு. நம்ம 'எல்லாருக்கும்'ல இருந்து 'உக்கும்'னு மட்டும் வெட்டி எடுத்த மாதிரி. நாம அதோட நிக்கல. அந்தப் பன்மை வாலுக்கு மேல 'கள்' சேர்த்துப் 'பஸ்கள்'னு எழுதுறோம். தஞ்சாவூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒரு ரோமானியர் இதைக் கேட்டா மயங்கி விழுவார். ஆனா நாம சரியான நேரத்துக்கு ஒரத்தநாடு போய்ச் சேர்ந்துடுவோம்.

அதுக்காக 'எதுவும் தப்பில்ல, எப்படி வேணும்னாலும் எழுதுங்க'ன்னு நான் சொல்ல வரல. ரெஸ்யூமே, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் மாதிரி இடத்துல ஒரு ஆளைச் சொல்லும்போது அலும்னஸ், அலும்னா பார்த்து எழுதுங்க. படிக்கிறவர் அதை வச்சு உங்களை எடை போடலாம். சந்தேகமா இருந்தா, 'இந்தக் காலேஜ்ல இந்த வருஷம் படிச்சு முடிச்சேன்'னு நேரா எழுதிட்டா அந்த வால் பிரச்சினையே இல்ல. டேட்டாவுக்கு 'இஸ்', 'ஆர்' எதை வேணும்னாலும் வைங்க, ஒரே கட்டுரையில ரெண்டையும் கலக்காதீங்க. நண்பன் தப்பா எழுதியிருந்தா, தனியா ஒரு மெசேஜ் போடுங்க. நான் பண்ணத் தவறினது அது ஒண்ணுதான். கோடு எழுதுறப்ப நாம ரிவ்யூ பண்ணுவோமே, அங்க தப்பைச் சொல்றது அது சரியாகி உள்ள போகணும்னு. நான் குரூப்ல சொன்னது அதுக்காக இல்ல. எனக்குத் தெரியும்னு காட்டத்தான்.

கிளம்புற நேரத்துல அவன்கிட்ட அலும்னஸ் என்ற சொல்லோட பழைய அர்த்தத்தைச் சொன்னேன். 'ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை.' சோறு போட்டு வளர்க்கிறதைச் சொல்ற வேர்ச்சொல்லில இருந்து வந்தது. காலேஜை 'ஆல்மா மேட்டர்'னு சொல்வாங்களே, ஊட்டி வளர்க்கிற தாய், அதுவும் அதே வேர்தான்.

அவன் கொஞ்ச நேரம் காயுற நெல்லைக் காலால துழாவிக்கிட்டே இருந்தான். 'அப்படின்னா காலேஜுக்கு நாம என்ன அலும்னி? ஹாஸ்டல் சோத்தைத் தின்னுட்டு எவன் வளர்ந்தான்? இந்தப் புது ஆத்துத் தண்ணிக்கும் எங்க அம்மாவுக்கும்தான் நான் அது.' அப்புறம் ஒரு நொடி நிறுத்தி, 'அது'ன்னா... ஒருமைதானே, அலும்னஸ்?'ன்னு கேட்டான். ஆமான்னேன்.

அன்னைக்கு ராத்திரி குரூப்ல நான் நடந்ததை எழுதினேன். நான் திருத்தினதும், எனக்கே அது ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் தெரியும்னும், 'எத்தனை நெல்லு'ன்னு கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டதும், எல்லாம். கொஞ்ச நேரம் யாரும் ஒண்ணும் சொல்லல. அப்புறம் அந்தக் காலேஜ் வாசல் போட்டோவை அவன் மறுபடியும் போட்டான். கீழே தமிழ்ல எழுதியிருந்தான்: 'முன்னாள் மாணவர். ஒருத்தர்தான்.'

இது மாதிரி யாராவது உங்களைத் திருத்தி, அதுல நீங்க எழுதுறதையோ பேசுறதையோ நிறுத்தின அனுபவம் இருந்தா எங்களுக்கு எழுதுங்க. தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ, ஒருமையோ பன்மையோ, எப்படி வந்தாலும் படிப்பேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.